முடிச்சில்லாத வலை

குலாஸின் அடிவயிற்றிலிருந்து வலை வந்தது.

திமோத்தியா அப்போது கொய்யா இலை போட்டுக் காய்ச்சின தண்ணீரில் துணியை நனைத்துப் புருஷனின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது தொடை இடுக்குக்குச் சற்று மேலே, பழைய ஆபரேஷன் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அது உடைவதும் மூடுவதுமாக வீட்டை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. சீழில் கொஞ்ச நாளாக மலவாடை வேறு. அன்று காலை சீழோடு சேர்ந்து நூல் மாதிரி ஒன்று தலைநீட்டியது. அழுக்குத் துணியின் நூலாயிருக்கும் என்று நகத்தால் கிள்ளி இழுத்தாள். அது வந்தது, நிற்காமல் வந்தது. குலாஸ் பல்லைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் விரல் நுனியில் தொங்கியது நூலல்ல. கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாக ஒரு வலைத்துண்டு.

பிறந்ததிலிருந்து வலையோடு புழங்கியவள் அவள். நைலான் எது, பருத்தி எது என்று இருட்டில் தடவிச் சொல்லுவாள். கையிலிருந்தது நைலான் மாதிரிதான் இருந்தது. அதில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியும் பட்டது. என்ன குறை என்று நின்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னடி அது?" என்றான் குலாஸ்.

அவள் துண்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சிலிசா" என்றான்.

அந்தப் பெயர்தான் அவளுக்கும் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பாசிலிசா, ஊருக்குச் சிலிசா, கடலை ஒட்டின கடைசி வீட்டில் இருக்கிற விதவை. போஹோல் தீவின் அந்தத் தெற்குக் கரையில் கிழிந்த வலை எதுவானாலும் அவள் மடிக்குத்தான் போகும். குலாஸின் மகளுக்கு ஞானத்தாயும் அவள்தான். ஞானஸ்நானத்தன்று பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் நடையில் நின்றவள். அவ்வளவு நெருக்கம் இருந்த வீட்டில் போன கோடையில் சண்டை வந்தது. குலாஸ் அந்த ஊர்க் கரைவலைக்குத் தலைவன். ஒருநாள் கரைவலையை வளைத்து இழுக்கும்போது சிலிசாவின் மகன் போட்டிருந்த நண்டு வலை குறுக்கே மாட்டிக்கொண்டது. பொறுமையாக விலக்கியிருக்கலாம். குலாஸுக்குப் பொறுமை கிடையாது. கத்தியை எடுத்து நறுக்கி எறிந்தான். சிலிசா கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்:

"அறுத்துட்டேல்ல? அறுத்த வலை உன் வயித்துக்குள்ள போயிச் சிக்கட்டும். எடுக்க முடியாம நீ தவி."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். திமோத்தியாவும் சிரித்தாள். வசவு நல்ல வசவாக இருந்தால் அந்த ஊரில் ரசிப்பார்கள். மறுவாரமே சிலிசா ஒரு தூக்கு நிறைய முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சண்டை அத்தோடு தீர்ந்தது என்று இரண்டு வீடும் நினைத்தது.

இப்போது வலை வெளியே வந்துவிட்டது.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? கரைவலையில் குலாஸுக்கு வலது கையான இஸ்கோ, மந்திரிக்கிறவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டான். மந்திரிக்கிறவன் முற்றத்தில் கரி மூட்டி, அதில் பிசினைப் போட்டு, புகையைக் குலாஸின் போர்வைக்குள் விட்டான். வலைத்துண்டைத் தட்டில் வைத்துப் பார்த்தான். தொடவில்லை.

"இது பரங். ஏவிவிட்டது. சிலருக்குப் பூச்சி வரும், சிலருக்கு முடி வரும். எனக்குத் தெரிஞ்சு வலை வந்தது இதான் மொதத் தடவை. அனுப்பினவ கைத்தொழில் எதுவோ, அதுதான் வரும்."

"பேரைச் சொல்லுங்க" என்றான் இஸ்கோ.

"பேரு நான் சொல்ல மாட்டேன், பாவம் புடிக்கும். கடலுக்குக் கிட்டக்க இருக்கா. பொம்பளை. அவளே வந்து தன் எச்சிலைத் தொட்டுப் புண்ணுல தடவி, நான் அனுப்பினதை நானே எடுத்துக்கிட்டேன்னு வாய் திறந்து சொல்லணும். அதுவரைக்கும் ஊசி கீசி போட்டுடாதீங்க. ஏவல் இருக்கற உடம்புல ஊசி ஏறினா ஆள் தேறாது. அந்தத் துண்டை அடுப்புல போட்டுடும்மா."

திமோத்தியா துண்டை அடுப்பில் போட்டாள். அது சுருண்டு, உருகி, ஒரு சொட்டாய்க் கரியில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு நாளில் குலாஸுக்குக் காய்ச்சல் கொதித்தது. சோளச்சோற்றுக் கஞ்சியை வாயில் விட்டால் கடைவாய் வழியாக வழிந்தது. வயிறு பலகை மாதிரி விறைத்துப் போயிற்று. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று அவள் கெஞ்சினாள். "ஆஸ்பத்திரியில இதுக்கு என்ன ஊசி வெச்சிருக்கான்? மொதல்ல அவளைக் கூட்டிட்டு வா" என்று அவன் முனகினான். அந்தப் பிடிவாதம் அவளுக்குப் பயம் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அவள் சிலிசா வீட்டுக்குப் போனாள். வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சிலிசா வாசலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வா. நீ வருவேன்னு ரெண்டு நாளா பாத்துக்கிட்டிருக்கேன்."

"சிலிசா அக்கா..."

"உக்காரு. அக்கான்னு கூப்பிடறவ நின்னுக்கிட்டா பேசுவா? காப்பி இருக்கு, ஆறிப்போச்சு. குடிக்கறியா, அதுல எதாச்சும் கலந்திருப்பேன்னு பயமா?"

திமோத்தியா உட்கார்ந்தாள். காப்பியைத் தொடவில்லை. அதைச் சிலிசா கவனித்தாள்.

"அவருக்கு ரொம்ப முடியலைக்கா. வந்து எச்சில் தொட்டு வெச்சிட்டுப் போங்க. உங்க காலைப் புடிக்கறேன்."

"வெச்சா?"

"பொழைச்சுக்குவாரு."

"நான் என்ன ஆவேன்?"

திமோத்தியா வாசல் மணலை விரலால் கீறினாள்.

"வெச்சா நாந்தான் செஞ்சேன்னு ஆகும். வெக்கலைன்னா நாந்தான் கொன்னேன்னு ஆகும். ரெண்டு பக்கமும் சாணியடி எனக்குத்தான்." ஊசி ஒரு கண்ணுக்குள் நுழைந்து அடுத்ததில் வெளியே வந்தது. "ஊரு பேசட்டும், அதுக்கு வேற வேலை இல்லை. நீ சொல்லு. உம் பொண்ணுக்குப் பேரு வெச்சவ நான். நீ என்ன நெனைக்கற?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் திமோத்தியாவின் கண் முன்னால் அந்த வலைத்துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிலிசாவின் கை நின்றது. பிறகு பெருவிரலிலிருந்து வலையைக் கழற்றிச் சுருட்டினாள்.

"சரி, வர்றேன். ஆனா ஒண்ணு. நான் சொல்ல வேண்டியதைச் சொன்ன மறுநிமிஷம் அவனை வண்டியில ஏத்தணும். ஆஸ்பத்திரிக்கு. மந்திரிக்கறவன் என்ன சொன்னாலும் ஏத்தணும். மாதா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமா."

"நட."

முற்றம் நிறைய ஜனம். சன்னலில் தலைகள். சிலிசா யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். குலாஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் உள்ளங்கையில் துப்பி, அந்த நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல், புண்ணைச் சுற்றித் தடவினாள். வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"நான் அனுப்பினதை நானே எடுத்துக்கிட்டேன்."

பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாளே என்றுதான் திமோத்தியாவுக்கு முதலில் தோன்றியது. புருஷன் பிழைப்பான் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சிலிசா வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். "வண்டி எங்க?" என்றாள்.

மாகாண ஆஸ்பத்திரியில் இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி இருந்தாள். தூங்கி நாலு நாளானவள் மாதிரி முகம். குலாஸின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள்.

"இது என்ன ஆபரேஷன்?"

"அப்பெண்டிக்ஸுங்க" என்றாள் திமோத்தியா. "செபுவுல கட்டட வேலைக்குப் போயிருந்தாரு. மக கைக்குழந்தை அப்ப. அங்கயே பண்ணிட்டாங்க."

"யாரு சொன்னா அப்பெண்டிக்ஸ்னு?"

"அவருதான்."

டாக்டர் குலாஸைப் பார்த்தாள். "அப்பெண்டிக்ஸுக்கு இவ்வளவு கீழ கிழிக்க மாட்டாங்களே அண்ணே. உண்மையைச் சொல்லுங்க. நான் உள்ள கையை விடப்போறேன், என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

குலாஸ் உதட்டை நக்கினான். மனைவியைப் பார்க்காமல், கேட்டும் கேட்காத குரலில் சொன்னான்: "குடல் எறக்கம்."

திமோத்தியாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. குடல் இறக்கத்துக்கும் பரங்குக்கும் என்ன சம்பந்தம்? கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள். பிள்ளைப் பருவத்தில் ஊரில் பார்த்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். அவரும் கரைவலைத் தலைவராக இருந்தவர். குடல் இறங்கிக் கால்சட்டைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். தேங்காய் என்று பேர் வைத்தார்கள். செத்துக் குழிக்குள் இறக்கும்போதுகூட ஒருவன், "பாத்து எறக்குங்கடா, தேங்காய் உருளும்" என்றான். அவர் பேரன்களை இன்றைக்கும் தேங்காய் வீட்டுப் பையன்கள் என்றுதான் சொல்கிறார்கள். குலாஸ் ஏன் அப்பெண்டிக்ஸ் என்றான் என்பது அவளுக்குப் புரிந்தது. சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இதற்காகவா இத்தனை வருஷம் மறைத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு.

"பொழைச்சுட்டாரு. கொஞ்சம் குடலை வெட்டிச் சேத்திருக்கேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்லை." தட்டை நீட்டினாள். "இதான் உள்ள இருந்தது."

தட்டில் கசங்கின வலை. உள்ளங்கையில் பாதி இருக்கும்.

திமோத்தியா பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். "அவதான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னாளே. இன்னுமா இருக்கு?"

"யாரு எடுத்துக்கிட்டா? இது நாங்க வெக்கற வலைம்மா. குடல் எறங்கற ஓட்டையை வெறும் தையல் போட்டா மறுபடி பிஞ்சுடும்னு, மேல வலை வெச்சுத் தைப்போம். சதை அதைப் புடிச்சுக்கிட்டு வளந்துடும். எத்தனையோ பேருக்கு வெச்சிருக்கு, சாகற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. எங்கயாவது அபூர்வமா, பல வருஷம் கழிச்சு, எடம் நகர்ந்து குடலை அரிச்சிடும். அப்படி அரிச்ச வழியாத்தான் சீழும் மலமும் வந்திருக்கு. நான் படிச்சிருக்கேன். கண்ணால பாக்கறது இதான் மொதத் தடவை."

இதே வார்த்தையை மந்திரிக்கிறவனும் சொன்னான்.

"வெளிய ஏதாவது துண்டு வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டாள்.

திமோத்தியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் பிழைத்தான் என்கிற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் துப்பிக்கொண்டு நிற்கிற சிலிசா. நான் அனுப்பினதை நானே எடுத்துக்கிட்டேன். அனுப்பாத ஒன்றை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இரண்டையும் சுமந்துகொண்டு போய் அந்த மனுஷி தலையில் வைத்தது தன் கைதான் என்று திமோத்தியாவுக்கு விளங்கிவிட்டது.

"அதுல ஒரு துண்டு எனக்குக் குடுங்க டாக்டர்" என்றாள்.

குலாஸ் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நிலைக்கு வந்ததும் கேட்டாள். அதுவரை பொறுத்தது பெரிது.

"வலை வெச்சிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தைச்சிருக்குன்னு சொன்னாங்க. வலைன்னும் சொன்னாங்களோ என்னமோ. எப்படா வெளிய போவோம்னு இருந்துச்சு, காதுல ஏறல."

"அன்னைக்கு நான் அதை உன் மூஞ்சிக்கு நேரா புடிச்சேனே. அப்பவும் நெனப்பு வரலையா?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். "ஒரு தடவை வந்துச்சு."

"வந்துச்சா?"

"கத்தாத. வந்துச்சு, போயிடுச்சு. அவ திட்டினது ஞாபகம் வந்துச்சு. அதுதான் லேசா இருந்துச்சு."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"அவ வந்து உன் சீழைத் தொட்டுத் தடவினப்பவும் லேசா இருந்துச்சா?"

"தியா, ஊருல போயிச் சொல்லிடாத. இஸ்கோ வாயைப் பத்தி உனக்குத் தெரியும். அடுத்த வாரத்துக்குள்ள நான் தேங்காய் ஆயிடுவேன். அப்புறம் எவன் என் பேச்சைக் கேட்டுக் கயிறு புடிப்பான்? நம்ம பொண்ணைத் தேங்காய் பொண்ணும்பான். சிலிசாவுக்கு என்ன? நாலு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. நான் பொழைச்சுட்டேன்ல, அதோட விடு."

திமோத்தியா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவின கிண்ணத்தை மறுபடி கழுவினாள்.

ஊருக்குத் திரும்பினபோது மறப்பதற்கு யாரும் அவசரப்படுகிறவர்களாகத் தெரியவில்லை. சிலிசாவின் வாசலில் யாரோ ஏவல் தாண்டி வராமலிருக்க உப்பைக் கோடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். மூங்கில் கொடியில் ஒரு வலைகூடத் தொங்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மேட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள். குலாஸின் மகள், எதிரே வந்த ஞானத்தாயின் கையை எடுத்து மரியாதைக்கு நெற்றியில் வைக்க மறுத்து, பாவாடையில் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே, குலாஸ் உயிரோடு நடந்து வருகிறான். அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எடுத்துக்கிட்டேன் என்றாள், பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கரைவலை இழுத்தார்கள். கயிறு பிடிக்கிற எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். யாரையும் போ என்று சொல்லக்கூடாது. சிலிசாவும் வந்து பிடித்திருந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் இரண்டு ஆள் நிற்கிற இடமும், பின்னால் இரண்டு ஆள் நிற்கிற இடமும் காலியாகக் கிடந்தன. குலாஸ் வாதுமை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தையல் ஆறும்வரை கயிற்றைத் தொடக்கூடாது.

திமோத்தியா மணலில் இறங்கினாள். அவள் கையில் டாக்டர் கொடுத்த சின்னக் கண்ணாடிப் புட்டி. குலாஸ் அதைப் பார்த்துவிட்டான்.

"தியா" என்றான். "தியா, வேண்டாம்."

அவள் நிற்கவில்லை. கயிற்று வரிசைக்கு நடுவே போய் நின்று புட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இதான் என் புருஷன் வயித்துல இருந்த வலை. யாரும் ஏவல. செபுவுல டாக்டருங்க வெச்சுத் தைச்சது. அவருக்கு அப்பெண்டிக்ஸ் இல்ல, குடல் எறக்கம். அதுக்கு வலை வெப்பாங்களாம். அது குடலை அரிச்சிடுச்சு. சிலிசா அக்கா எதுவும் செய்யல. அவரு ஆஸ்பத்திரிக்குப் போகணுங்கறதுக்காகத்தான் அவங்க செஞ்சதா ஒத்துக்கிட்டாங்க."

கயிறு அப்படியே நின்றது. அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போனது. இஸ்கோ வாதுமை மரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"குடல் எறக்கமா?" என்றான். "அப்ப நம்ம தலைவரு..."

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. கயிற்றின் கோடியில் யாரோ, "தேங்காய்" என்றார்கள். சிரிப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஓடியது. குலாஸ் எழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் மெல்ல நடந்தான். திமோத்தியாவுக்கு அவன் முதுகைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

சிரிப்பு அடங்கினதும் இஸ்கோ தலையைச் சொறிந்தான். "அது சரிதான் அண்ணி. ஆனா அவங்க எச்சில் வெச்ச பெறகுதானே ஆளு தேறினாரு?"

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன. சிலிசாவுக்கு முன்னும் பின்னும் கிடந்த இடம் அப்படியே கிடந்தது.

திமோத்தியா புட்டியைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தாள். சிலிசா கயிற்றை இடுப்பில் அணைத்துக்கொண்டு, புட்டியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வலையைப் பார்க்கிற பார்வை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து ஒருத்தி எங்கிட்ட வந்தா" என்றாள், புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமியாருக்கு ஒண்ணு அனுப்ப முடியுமான்னு கேட்டா. பொழைப்புக்கு வழி காட்டிட்ட நீ."

"அக்கா, மன்னிச்சுக்கங்க."

"இதுல முடிச்சே இல்லையே தியா."

திமோத்தியா கிட்டே குனிந்து பார்த்தாள்.

"வலைன்னா கண்ணுக்குக் கண்ணு முடிச்சு இருக்கும். இது பின்னல். ஸ்வெட்டர் பின்னற மாதிரி பின்னியிருக்கான். இதை வெச்சு ஒரு நெத்திலி புடிக்க முடியுமா? அன்னைக்கு வந்துச்சே ஒரு துண்டு, அதை எங்கிட்டக் காட்டியிருக்கலாம்ல?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"போடறதுக்கு முன்ன நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"முடிச்சு இருந்துச்சா?"

அலை வந்தது, போனது. அன்றைக்குக் கையில் தொங்கின துண்டில் என்ன குறைந்தது என்று திமோத்தியாவுக்கு இப்போது தெரிந்தது. அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. விரலுக்குத் தெரிந்திருக்கிறது. நின்று யோசித்திருந்தால் சிலிசாவின் பெயர் நெஞ்சுக்குள் ஓடியிருக்காது. அவள் நின்று யோசிக்கவில்லை. அவளுக்கும் அதுதான் லேசாக இருந்தது.

"இல்லைக்கா" என்றாள். "இல்லாததைப் பாத்தேன்."

சிலிசா புட்டியைத் தன் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கயித்தைப் புடி" என்றாள். "வலையோட மடி கரைக்கு வந்துடுச்சு."

அவளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் நின்று, திமோத்தியா கயிற்றைப் பிடித்தாள். அவளுக்கும் பின்னால் யாரும் நெருங்கி வரவில்லை.